காட்டிக்கொடுத்தவர் யார்?

சாகாமக் குளத்து நீரை நம்பி வெள்ளாண்மை செய்யும் கமக்காரர் ஒருவரிடம் விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தைப் படித்துக் காட்டினால், அவருடைய மனம் எங்கே போய் நிற்கும்? சிங்கத்தைக் கையால் கிழித்த சிம்சோனின் புயவலிமையிலே நிற்காது. 300 நரிகளைப் பிடித்து, இரண்டிரண்டாக வாலோடு வால் பிணைத்து, இடையிலே தீப்பந்தம் வைத்து, பெலிஸ்தரின் விளைநிலங்களுக்குள் அவன் ஓட்டிவிட்ட இடத்திலேதான் நிற்கும். முற்றிய கதிரும், அறுத்துக் கட்டிய உப்பட்டியும், குவித்து வைத்த சூடும் ஒரே இரவில் சாம்பலாவது என்றால் என்ன என்பதை அவர் அறிவார். அந்தப் பயிர் யாருடைய வியர்வை என்றும் அவர் கேட்பார். அரண்மனையில் இருந்த அதிபதிகளா உழுதார்கள்?

நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட பொருள் இந்தக் கேள்வியோடு தொடர்புடையது. சிம்சோன் கதை, நம்பிக்கைத் துரோகத்தின் கதையாகவே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஓர் ஆண்மகன் தன் உள்ளத்து இரகசியத்தை ஒரு பெண்ணிடம் சொன்னான், அவள் அதை விற்றாள், அவன் கண்ணிழந்தான். பெண்ணிடம் இரகசியம் சொல்லாதே என்ற பாடத்தோடு கதை முடிந்துவிடுகிறது. தெலீலாள் என்ற பெயர் வஞ்சகத்துக்கு மறுபெயராகிவிட்டது. இந்த வாசிப்பு சரிதானா? மூலக் கதை இதைத்தான் சொல்கிறதா? இதுவே நம் கேள்வி.

இக்கதை தமிழுக்குப் புதியதன்று. தரங்கம்பாடியில் பணிபுரிந்த சீகன்பால்கு 1719இல் மறைந்தபோது, பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரை தமிழாக்கி முடித்திருந்தார். ஆகவே ரூத்துக்கு முந்தியதான நியாயாதிபதிகள் ஆகமம் தமிழ் உரைநடையைக் கண்டு 300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. கல்முனைப் பகுதியின் மிஷன் பாடசாலைகளில் சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்து பயின்ற நாட்கள் உண்டு. முஸ்லிம் மரபுக்கும் இக்கதை அந்நியமானதன்று. திருக்குர்ஆனில் சிம்சோன் பெயரில்லை. ஆயினும் 923இல் மறைந்த வரலாற்றாசிரியர் தபரீ, ஷம்சூன் என்ற பெயரில் இவ்வீரனின் கதையைத் தம் நூலில் சேர்த்திருக்கிறார். எனவே இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய கதை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

கதையின் முதல் துரோகம் திம்னாத்திலே நிகழ்கிறது. சிம்சோன் அங்கே ஒரு பெலிஸ்தப் பெண்ணை மணக்கிறான். கலியாண விருந்து 7 நாள். மணமகனோடு இருக்கும்படி 30 தோழர்கள் நிறுத்தப்படுகிறார்கள். அவர்களிடம் அவன் ஒரு நொடி போடுகிறான். அவிழ்த்தால் 30 மெல்லிய ஆடைகளும் 30 மாற்று உடைகளும் அவன் கொடுக்க வேண்டும். அவிழ்க்காவிட்டால் அவர்கள் கொடுக்க வேண்டும். இந்த நொடியின் இயல்பைக் கவனிக்க வேண்டும். நல்ல நொடியின் விடை எல்லோருக்கும் தெரிந்த உலகத்திலே இருக்கும். மறைந்திருப்பது அதைக் காணும் கோணம் மட்டுமே. சிம்சோன் போட்ட நொடியின் விடையோ, அவன் தனியே கொன்ற சிங்கத்தின் உடலிலே தேனீக் கூடு கட்டியிருந்ததை அவன் தனியே கண்ட செய்தி. அதை அவன் பெற்ற தாய் தந்தையருக்கும் சொல்லவில்லை. அந்தத் தேனை அவர்களுக்குக் கொடுத்தபோதும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. அறிவால் எவரும் எட்டமுடியாத ஒன்றைப் பந்தயமாக வைப்பது விளையாட்டாகாது.

அடுத்து நடந்தது என்ன? தோழர்கள் மணப்பெண்ணிடம் வருகிறார்கள். விடையை அறிந்து சொல்லாவிட்டால் உன்னையும் உன் தகப்பன் வீட்டையும் தீக்கிரையாக்குவோம் என்கிறார்கள். பிரசங்கங்களிலும் படங்களிலும் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் வரி இது. அவள் அழுதாள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். பெண்ணின் கண்ணீர் ஆயுதம் என்று விளக்கமும் தருவார்கள். அந்தக் கண்ணீருக்குப் பின்னால் நின்ற தீப்பந்தத்தை யாரும் காட்டுவதில்லை. எமது கிழக்குக் கரையிலே, தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது. தகப்பன் வீட்டை எரிப்போம் என்ற சொல் எமது ஊர்ப் பெண்ணுக்கு எப்படிப் படும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. கூரையும் கூடப்பிறந்தாரும் நாளைய குழந்தைகளும் அந்த ஒரு சொல்லிலே அடங்கிவிடுகின்றனர்.

7ஆம் நாள் அவள் விடையைச் சொல்லுகிறாள். சிம்சோனோ அவளைத் தன் கிடாரி என்று குறிப்பிட்டுப் பேசுகிறான். மனைவி அவனுக்கு உழவு மாடாகத் தோன்றுகிறாள். பந்தயத்தைத் தீர்க்க அஸ்கலோனுக்குப் போய், எந்தக் குற்றமும் செய்யாத 30 பேரைக் கொன்று, அவர்களுடைய உடைகளைக் கொண்டுவந்து கொடுக்கிறான். கோபத்தோடு தன் தகப்பன் வீட்டுக்குப் போய்விடுகிறான். அவள் வேறொருவனுக்கு மணமுடித்துக் கொடுக்கப்படுகிறாள். பின்னர் கோதுமை அறுவடைக் காலத்தில் அவன் திரும்பிவந்து, மறுக்கப்பட்டு, வயல்களுக்குத் தீ வைக்கிறான். பயிரை இழந்த பெலிஸ்தர் அவளையும் அவள் தகப்பனையும் தீயிட்டுக் கொல்கிறார்கள். எந்தத் தீக்கு அஞ்சி அவள் இரகசியத்தைச் சொன்னாளோ, அந்தத் தீயே அவளை உண்டது. மிரட்டியவர்களுக்குப் பணிந்ததால் அவள் தப்பவில்லை. அவளுக்குக் கதை ஒரு பெயர்கூட வைக்கவில்லை. துரோகி என்று நாம் சொல்லும் முதற் பெண்ணின் வரலாறு இது.

இரண்டாவது துரோகம் இன்னும் பெரியது, அதிகம் பேசப்படாதது. சிம்சோன் ஏத்தாம் கன்மலைப் பிளவில் ஒளிந்திருக்கிறான். பெலிஸ்தர் யூதா நாட்டுக்குள் படையோடு வருகிறார்கள். அப்போது யூதா கோத்திரத்து 3000 ஆண்கள் திரண்டு போய், பெலிஸ்தர் நம்மை ஆளுகிறார்கள் என்பது உனக்குத் தெரியாதா என்று அவனையே கடிந்துகொள்கிறார்கள். இரண்டு புதுக் கயிறுகளால் அவனைக் கட்டி, எதிரியின் கையிலே ஒப்படைக்கிறார்கள். நாங்களே உன்னைக் கொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்து கொடுத்ததுதான் அவர்கள் காட்டிய கருணை. 3000 ஆண்கள் சேர்ந்து தம்மவன் ஒருவனைக் காட்டிக்கொடுத்தார்கள். இருந்தும் உலகத்தில் எந்த மொழியிலாவது ‘யூதாவின் 3000 பேர்’ என்பது துரோகத்துக்கு மறுபெயராக வழங்குகிறதா? இல்லை. ஒருத்தி செய்தால் வஞ்சகம். ஊர் கூடிச் செய்தால் விவேகம்.

நாம் அந்த 3000 பேரையும் இழித்துரைக்க விரும்பவில்லை. அடிமைப்பட்ட மக்களின் அச்சம் அது. ஆள்வோனுடைய படை வாசலில் நிற்கும்போது, ஒருவனைக் கொடுத்து ஊரைக் காத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு எழுவது இயல்பு. ஆனால் அவர்களுக்கு நாம் அளிக்கும் விளக்கத்தைத் திம்னாத்துப் பெண்ணுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம் என்பதே கேள்வி.

இனித் தெலீலாளிடம் வருவோம். சோரேக் ஆற்றங்கரையில் இருந்தவள். அவள் பெலிஸ்தப் பெண் என்று மூலம் சொல்லவில்லை. சிம்சோனின் மனைவி என்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தகப்பனோ கணவனோ குறிப்பிடப்படவில்லை. அவளுடைய வீட்டிலே தறி ஒன்று இருந்தது; சிம்சோன் மூன்றாம் முறை பொய் சொன்னபோது, அவனுடைய தலைமயிரைப் பாவோடு சேர்த்து நெய்கிறாள். மருதமுனையின் நெசவாளர் குடும்பத்துப் பெண் ஒருத்தி இக்கதையைக் கேட்டால் முதலில் இந்தத் தறியைத்தான் காண்பாள்.

அவளிடம் பெலிஸ்தரின் அதிபதிகள் நேரில் வருகிறார்கள். அவனுடைய பலம் எதிலே இருக்கிறது என்று அறிந்து சொன்னால், ஒவ்வொருவரும் 1100 வெள்ளிக்காசு தருவதாகச் சொல்கிறார்கள். பெலிஸ்தருக்கு அதிபதிகள் ஐவர் என்பது அதே ஆகமத்தின் வேறோரிடத்தில் வருகிறது. ஆக மொத்தம் 5500 வெள்ளிக்காசு. இத்தொகையின் பொருள் என்ன? அடுத்த அதிகாரத்திலேயே அதற்கு அளவுகோல் கிடைக்கிறது. அங்கே மீகா என்பவன் ஒரு லேவியனைத் தன் வீட்டுக் குருவாக அமர்த்துகிறான். உணவும் உடையும் தவிர, அவனுக்கு ஆண்டுக்கு 10 வெள்ளிக்காசு கூலி. அந்தக் கணக்கின்படி, ஒரு மனிதனின் 550 ஆண்டுக் கூலி தெலீலாளின் முன்னே வைக்கப்பட்டது! ஆதியாகமத்திலே யோசேப்பை அவனுடைய சகோதரர்கள் விற்றது 20 வெள்ளிக்காசுக்கு. புதிய ஏற்பாட்டில் யூதாசு வாங்கியது 30 வெள்ளிக்காசு. ஏழைகளின் துரோகம் மலிவாக வாங்கப்படும். ஆட்சிக்கு அச்சம் மிகும்போது மட்டுமே விலை இப்படி ஏறும்.

5500 காசைக் கண்டு தெலீலாள் மயங்கினாள் என்பதை நாம் நியாயப்படுத்தவில்லை. அவள் செய்தது துரோகமே. தன் மடியிலே நம்பித் தலைசாய்த்தவனை விற்பதற்கு மன்னிப்புத் தேடுவது விமர்சகனுடைய வேலையன்று. ஆனால் விற்றவளை நினைவில் வைத்து, வாங்கியவர்களை மறந்துவிடும் இலக்கிய மரபை நாம் ஏற்க முடியாது. ஐந்து அதிபதிகளின் பெயரை யார் அறிவார்? மூலத்தின்படி மயிரைச் சிரைத்தவனும் அவள் அழைத்த ஓர் ஆள்தான். ரூபன்ஸ் 1609ஆம் ஆண்டளவில் வரைந்த ஓவியத்திலே இது சரியாகக் காட்டப்பட்டிருக்கிறது. கத்தரிக்கோலைத் தெலீலாளின் கையிலேயே கொடுத்துவிட்ட ஓவியர்களும் பலர்.

பிற்காலக் கலைஞர்கள் இக்கதையை எவ்வாறு கையாண்டனர் என்பதும் ஆராயத்தக்கது. பார்வையிழந்த மில்டன், 1671இல் வெளியிட்ட நாடகக் கவிதையிலே சிம்சோனுக்குத் தன் இருளையே கொடுத்தார். தெலீலாளை அவர் மனைவியாக்கினார். அதனால் குற்றம் இன்னும் கடுமையாயிற்று. ஆனால் பெருங்கவிஞர் ஆதலால் அவளுக்குப் பேச வாயும் கொடுத்தார். பொன்னுக்காகச் செய்யவில்லை, அதிகாரிகளும் குருமாரும் நாட்டின் பெயரால் நெருக்கினார்கள் என்று அவள் வாதிடுகிறாள். தன் மக்களிடையே தான் யாகேலைப் போலப் போற்றப்படுவேன் என்றும் சொல்கிறாள். இந்த யாகேல் யார்? அதே நியாயாதிபதிகள் ஆகமத்திலே, சமாதானமாயிருந்த வீடென்று நம்பித் தன் கூடாரத்தில் தஞ்சம் புகுந்த சிசெரா என்ற படைத்தலைவனுக்குப் பால் கொடுத்து, போர்வையால் மூடி, உறங்கும்போது நெற்றிப்பொட்டிலே முளையடித்துக் கொன்றவள். அவளைப் பெண்களுக்குள் பேறுபெற்றவள் என்று போற்றுகிறது அந்த ஆகமம். விருந்தோம்பலை நம்பியவனைக் கொன்றவள் வீராங்கனை. காதலை நம்பியவனை விற்றவள் வஞ்சகி. அவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை விட்டுவிட்டால் இத்தீர்ப்புகளுக்கு வேறு அடிப்படை காண்பது அரிது. மில்டன் இதை உணர்ந்திருந்தார் என்றே நாம் கருதுகிறோம்.

1949இல் வெளிவந்த செசில் டிமில்லின் அமெரிக்கத் திரைப்படம் இதற்கு நேர்மாறான வழியிலே சென்றது. அங்கே தெலீலாள் திம்னாத்துப் பெண்ணின் தங்கையாக்கப்பட்டாள். அக்காளை விரும்பியவன் தன்னை விரும்பவில்லை என்ற பொறாமையே எல்லாவற்றுக்கும் காரணமாயிற்று. அதிபதிகளின் ஆட்சியும், யூதா மக்களின் அடிமைநிலையும், வெள்ளிக்காசும் பின்திரையாகப் போய்விட்டன. வரலாற்றைப் படுக்கையறைக்குள் அடைத்துவிட்டால் ஆள்வோர் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிப் போய்விடலாம். வணிகக் கலை இந்தச் சேவையை எக்காலத்திலும் செய்துவந்திருக்கிறது.

இது அயலாருடைய குறை என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்ட பின்னர், தமிழ்நாட்டு மக்களின் நாவிலே நிலைத்த வசைச்சொல் எட்டப்பன். வன்னியின் வாய்மொழி மரபிலே பண்டாரவன்னியனுக்கு ஒரு காக்கை வன்னியன். இப்பெயர்கள் நிலைத்த அளவுக்கு, கும்பினியின் வரி முறையும் பீரங்கியும் பாளையங்களைப் பிரித்தாண்ட சூழ்ச்சியும் மக்கள் நினைவிலே நிலைக்கவில்லை. துரோகியின் பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் தோல்விக்கான காரணத்தைத் தேடும் உழைப்பு மிச்சமாகிவிடுகிறது.

காட்டிக்கொடுத்தல் என்ற தமிழ்ச் சொல்லே சிந்திக்கத்தக்கது. காட்டுதல் ஒரு செயல். கொடுத்தல் மற்றொரு செயல். கொடுப்பதென்றால் பெற்றுக்கொள்ள ஒரு கை வேண்டும். அந்தக் கை எது என்று கேட்காத விமர்சனம் பாதி விமர்சனமே. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட இந்த அம்பாறை மாவட்டத்திலே, போர்க்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு ‘தலையாட்டி’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஊரை வரிசையில் நிறுத்தி, முகம் மறைத்த ஒருவன் முன்னே ஒவ்வொருவரையும் நடக்கவிடுவார்கள். அவன் தலை அசைந்தால் ஓர் உயிர் போகும். முகமூடிக்குள்ளே இருந்தவன் யார்? நேற்றுப் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டவனாக இருக்கலாம்; வீட்டாரைப் பணயம் வைத்து மிரட்டப்பட்டவனாக இருக்கலாம்; காசுக்கு வந்தவனாகவும் இருக்கலாம். ஊர் அவனைச் சபித்தது. அவனுக்கு முகமூடி தைத்துக் கொடுத்தவர்கள் பதவி உயர்வு பெற்றிருப்பார்கள்.

அதனிலும் கொடிது, ஒருவன் மேல் கொண்ட ஐயம் ஓர் இனத்தின் மேல் ஏறியது. ஒரு குளத்து நீரைப் பங்கிட்டு, அடுத்தடுத்த வயலிலே சூடு வைத்த மக்கள், மற்றவன் நம்மைக் காட்டிக்கொடுப்பவன் என்று நம்பவைக்கப்பட்டனர். 1990 ஓகஸ்டிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனையிலே கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். பள்ளிவாசலையும் கோயிலையும் நம்பிப் போனவர்கள் எந்த இரகசியத்தை விற்றார்கள்? எவருமில்லை. ஆயினும் துரோகி என்ற சொல் கொலைக்கு முன்னரே ஊரெங்கும் நடந்து வழி செய்துவிட்டது. தெலீலாள் என்ற பெயரைப் போலவே அந்தச் சொல்லும் ஆராய்ச்சியை நிறுத்திவிடும் சொல்.

அப்படியானால் எல்லா இரகசியமும் காக்கப்பட வேண்டியதா? வாசகர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி இது. யூசுப் நபியின் வரலாற்றைக் கூறும் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்திலே, மகன் கண்ட கனவைச் சகோதரரிடம் சொல்ல வேண்டாம் என்று தந்தை எச்சரிக்கிறார். பலவீனனைக் காப்பதற்கான இரகசியம் அது. அதனை வெளியிடுவது துரோகம். ஆனால் பலவீனரை அழிப்பதற்காக மறைக்கப்படும் இரகசியமும் உண்டு. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த படுகொலைக்குப் பின், ஏப்ரல் 26இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் பாதுகாப்புப் படையினர் சூழ்ந்தனர். அங்கே புதிதாகக் குடியேறியவர்கள் மேல் ஐயங்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அயலில் வாழ்ந்த முஸ்லிம்களே. அதனைக் காட்டிக்கொடுத்தல் என்று எந்த மனச்சாட்சி சொல்லும்? அது அயலாருக்கு ஆற்றிய கடமை. சொன்னதால் யார் காக்கப்பட்டார்கள், யார் அழிந்தார்கள், சொல்லும்படி நெருக்கிய கை எது என்ற மூன்று கேள்விகளும் இல்லாமல் துரோகம் என்ற தீர்ப்பை எழுதக்கூடாது.

அந்த இரவிலே வீட்டுக்குள் இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்தார்கள். அங்கே 15 பேர் இறந்தனர். அவர்களுள் 6 பேர் குழந்தைகள். இதை நினைக்கும்போது சிம்சோன் கதையின் முடிவை நாம் மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது.

கண் பிடுங்கப்பட்ட சிம்சோன் காசாவின் சிறையிலே மாவரைக்கிறான். தாகோன் கோயில் விழாவிலே வேடிக்கை காட்ட அவனை அழைத்து வருகிறார்கள். கூரையின் மேலே மட்டும் ஆணும் பெண்ணுமாக 3000 பேர். அவன் தூண்களைச் சாய்க்கிறான்; உயிரோடிருந்தபோது கொன்றவர்களிலும் சாகும்போது கொன்றவர்கள் அதிகம் என்று கணக்கு முடிக்கிறது ஆகமம். காசா என்ற பெயர் இன்றைய வாசகன் நெஞ்சில் வேறு வலியை எழுப்பும். பழைய பெலிஸ்தரும் இன்றைய பாலஸ்தீன மக்களும் ஒருவரே என்று பெயரை மட்டும் கொண்டு முடிவுகட்டுவது வரலாறாகாது. ஆனால் கல்முனைக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் 1981இலேயே பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழாக்கி நூலாக்கினார் என்பதை எண்ணும்போது, இடிந்த கூரையின் கீழ்க் கிடப்பவர்களைப் பற்றி இக்கரை கவலைப்படத் தொடங்கி நெடுநாளாயிற்று என்பது புலனாகிறது.

அந்தக் கூரையின் கீழே ஒருவன் இருந்தான். குருடனான சிம்சோனைக் கைபிடித்து நடத்தி வந்த சிறுவன். வீட்டைத் தாங்கும் தூண்களிலே சாய்ந்துகொள்ள வேண்டும், அவற்றைத் தடவிப் பார்க்க விடு என்று சிம்சோன் அவனிடம்தான் கேட்டான். சிறுவன் நம்பினான், களைத்துப்போன ஒரு குருடனுக்குச் செய்யவேண்டிய உதவியைச் செய்தான். தான் செய்யப்போவதை சிம்சோன் அவனுக்குச் சொன்னதாக மூலத்தில் இல்லை. அச்சிறுவன் தப்பி வெளியேறினான் என்றும் இல்லை.

திம்னாத்துப் பெண்ணின் இரகசியம் தீயால் பறிக்கப்பட்டது. தெலீலாளின் வாய் வெள்ளியால் திறக்கப்பட்டது. யூதாவின் 3000 பேரும் அச்சத்தால் கயிறு திரித்தார்கள். யாரும் நெருக்காமல், யாரும் விலைபேசாமல், நம்பிக் கைகொடுத்த ஒருவனுக்கு இழைக்கப்பட்ட துரோகம் இக்கதையிலே ஒன்றுதான் உண்டு. அதைச் செய்தவன் கதையின் நாயகன். நூற்றாண்டுகளாகத் தெலீலாளைத் தேடிக்கொண்டிருந்த நம் கண்களுக்கு அந்தச் சிறுவன் தென்படவில்லை. இனி இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள், எந்தச் சமயத்தவராயினும், அவனிடமிருந்து தொடங்குவார்களாக.